சத்தமாக வாசிப்போம்

(கிழக்குக்கு வந்திருந்த எமது சங்கத்தின் மாதர் அணியினரும் வாசிப்பு வட்டத்து இளைஞர்களும் கல்முனையில் நடத்திய சந்திப்பில், மருதமுனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை. தன் பெயரைப் போடும் இடத்தில் இன்னுமொரு புத்தகத்தின் பெயரைப் போடும்படி கேட்டுக்கொண்டார்.)



அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் இரவிரவாக பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். காலையில் கடலில் இறங்கிவிட்டு, பகல் சோற்றுக்குப் பிறகு ஒரு டீச்சரின் பேச்சைக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள். யாருக்காவது நித்திரை வந்தால் தூங்குங்கள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் நான், கோபிக்கமாட்டேன்.

என்னைக் கூப்பிட்ட தம்பி சொன்னார்: "டீச்சர், இலக்கியம் பற்றிப் பெரிய பேச்சு வேண்டாம். நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள், அண்மையில் என்ன வாசித்தீர்கள், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, அதைச் சொன்னால் போதும்." இது எனக்கு லேசான வேலை. வீட்டில் இதைக் கேட்க ஆளில்லாமல்தான் கஷ்டப்படுகிறேன்.

இஷாத் தொழுகை முடிந்து, பீங்கான் கோப்பை கழுவி வைத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் வாசிப்பேன். கையில் பென்சில் இருக்கும். பேனையால் புத்தகத்தில் கோடு போடுகிறவர்களுக்கு நான் புத்தகம் இரவல் கொடுப்பதில்லை. முன்னுரைகளைப் பாய்ந்துவிடுவேன். நம் நாட்டுப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள்: ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை என்று கதை தொடங்குமுன் இருபது பக்கம் போய்விடும். கலியாண வீட்டில் சோறு வைக்காமல் ஆளுக்காள் எழும்பிப் பேசுவது மாதிரி. கதையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து அவற்றை வாசிக்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

வாசித்து முடித்ததும் ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி போட்டு நாலு வரி எழுதுவேன். அதில் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே கேள்விதான். இந்தக் கதையில் வருகிறவர்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள்? அந்த வேலை எழுதியவருக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. மருதமுனைக் கைத்தறிச் சாரனை உங்களில் சிலர் உடுத்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு தறி. வாப்பா நெய்வார், உம்மா நூல் சுற்றுவா. சின்ன வயதில் ஒரு கதை வாசித்தேன், அதில் ஒரு நெசவாளி வருகிறான். ஒரு இரவுக்குள் இருந்து ஒரு சேலையை நெய்து முடித்துவிடுகிறான், காலையில் காதலிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தறியை நிறுத்தாமலே கேட்டார்: "பாவு எப்ப ஓடினவனாம்?" அவ்வளவுதான், அந்தக் கதை எனக்கு முடிந்துவிட்டது. எழுதியவர் பெரிய ஆள். ஆனால் நெய்கிறவன் வீட்டில் அந்தக் கதைக்குப் பெறுமதி இல்லை.

உங்களுக்கும் அப்படித்தான். தேயிலை பற்றி யார் எழுதினாலும் அதை நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள். பேராசிரியருக்குத் தெரியாத பிழை உங்கள் கண்ணில் படும். ஆனால் அந்தப் புத்தகங்கள் உங்கள் கைக்கு வருவதில்லை. வந்தாலும் "எங்களுக்கெதற்கு வாசிப்பு, நேரமெங்கே" என்கிறீர்கள். காலையில் பெரட்டு, பின்னேரம் நிறுவை, அதற்குப் பிறகு அடுப்பு, பிள்ளை, தண்ணீர், விறகு. நேரமில்லை என்பது பொய்யில்லை. அதனால்தான் தனியாக உட்கார்ந்து வாசிக்கிற வாசிப்பைப் பற்றி நான் பேச வரவில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிற வாசிப்பைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊரில் அது பழைய பழக்கம். என் மூத்தம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் அறபுத் தமிழ் வாசிப்பா. அறபு எழுத்தில் எழுதிய தமிழ்தான் அது. இரவில் பெண்கள் சுற்றியிருக்க நூறு மசலாவையும் பெண்புத்தி மாலையையும் இராகம் போட்டு ஓதுவா. கேட்டுக் கேட்டே பாதி மனப்பாடமாகிவிடும். வாப்பாவின் தறிக்குப் பக்கத்தில் பத்திரிகை வாசிப்பது என் வேலை. தறிச் சத்தத்தை மிஞ்சிக் கத்தி வாசித்துத்தான் எனக்கு வகுப்பறைக் குரல் வந்தது.

இது மருதமுனையில் மட்டும் நடந்த காரியமில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்பார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்களும் இப்படித்தான். வாசிக்கிறவர் கூலியை இழக்கக்கூடாது என்று மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுற்றி அவர் பங்கில் போடுவார்கள். கூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இல் இது தொடங்கியது. ஒரு மேசை போட்டு, அதில் வாசிப்பாளரை உட்காரவைத்து, காலையில் பத்திரிகையும் பிறகு நாவலும் கேட்பார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளியில்லை, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. சும்மா கதை கேட்டால் ஏன் தடை செய்யவேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தடை நிற்கவில்லை, வாசிப்பு நின்றது. மொன்டே கிறிஸ்டோ என்று ஒரு சுருட்டுப் பெயர் இருக்கிறதே, அது அந்தத் தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட பிரெஞ்சு நாவலின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள்.

சரி, கூபா தூரம். உங்கள் அட்டனுக்கு வருவோம். நடேசய்யர் பெயர் உங்கள் சங்க மேடைகளில் கேட்டிருப்பீர்கள். 1931இல் அட்டனைத் தலைமையிடமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தவர். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையாரைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டத்தில் ஐயர் பேசுமுன் அம்மையார் பாடுவார். பாரதி பாட்டும் பாடுவார், தான் கட்டிய பாட்டும் பாடுவார். 1940இல் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்று ஒரு பாட்டுப் புத்தகமும் போட்டார். எழுத்துத் தெரியாத சனத்துக்கு அச்சில் இருந்ததைக் காதில் போட்டது அந்தப் பெண்ணின் குரல். சாரல் நாடன் எழுதிய "தேசபக்தன் கோ. நடேசய்யர்" என்ற புத்தகத்தை இந்த வருடம் மறுபடி வாசித்தேன். நல்ல உழைப்பு. சங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் வாசிக்கவேண்டியது. ஒரேயொரு குறை, அம்மையாருக்கு இன்னும் நிறையப் பக்கம் கிடைத்திருக்க வேண்டும்.

அந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்க நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் போட்டுக்கொண்டு போனார். இது என் வாப்பாவுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்! அவர் வேடமில்லாத புடவை வியாபாரி. தீபாவளிக்கு முந்திய மாதம் சாரனும் சேலையும் மூட்டையாகக் கட்டி மலைக்கு ஏறுவார். லயம் லயமாகப் போய்க் கடனுக்குக் கொடுத்துவிட்டு, சம்பள நாளுக்குத் திரும்பப் போய்க் காசு வாங்குவார். திரும்பி வரும்போது தேயிலைத்தூளும், கோவா, கரட்டும், உங்கள் பாட்டுகளும் கொண்டு வருவார். பெரட்டு, மடுவம், பிள்ளைக் காம்பரா, கொந்தரப்பு என்ற சொற்களெல்லாம் நான் மலையைப் பார்க்குமுன்பே எனக்குத் தெரியும்.

பிறகு நானே மலைக்கு வந்தேன். எண்பதுகளில் நாலு வருடம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். ஐந்து வகுப்புக்கு ஒரு மண்டபம். புத்தக அலுமாரி ஒன்றும் இருந்தது, பூட்டோடு. திறப்பு யாரிடம் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. நான் ஊரிலிருந்து கொண்டுபோன புத்தகங்களைத்தான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் ஒன்று என்.எஸ்.எம். ராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து".

அந்தப் பெயரில் ஒரு கதை 1961இல் தினகரனில் வந்தது. 1980இல் கதைத் தொகுதி வந்தது. ஒரு பெண் வழக்கத்தைவிட நிறையக் கொழுந்து எடுத்துவிடுகிறாள். உடனே சந்தேகம்: இவள்தான் எடுத்தாளா, வேறு கை உதவியதா? கொழுந்தோடு சேர்த்து அவளுடைய மானத்தையும் தராசில் ஏற்றுகிறார்கள். என்ன செய்கிறாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. இந்தக் கதைக்கு என் கொப்பியில் நான் எழுதியிருப்பது: எழுதியவருக்கு வேலை தெரியும். மலையகத்தைப் பற்றிப் பத்துக் கதை எழுதினால் ஒன்பதில் பெண் அழுவாள், அட்டை கடிக்கும், மழை பெய்யும். இதில் ஒரு பெண் தன் வேலையில் கெட்டிக்காரியாக இருக்கிறாள். அவளுடைய விரல் வேகந்தான் கதை. நிறுவையில் தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கணக்கெழுதுகிறதைப் பார்த்தபடி நிற்கிறவர்களுக்கு இந்தக் கதை எழுதி அறுபது வருடம் ஆனது மாதிரித் தெரியாது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. காலையில் நீங்கள் நின்று படம் எடுத்த இடத்திலிருந்து எங்கள் பழைய வீடு கூப்பிடு தூரம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் மௌத்து. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று ஓரமெல்லாம் போனது. அந்தக் கணக்கோடு புத்தகங்களின் கணக்கைப் பக்கத்தில் வைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் நான் புத்தகம் பற்றிப் பேச வந்தவள், அதனால் சொல்கிறேன். இரண்டு அலுமாரிப் புத்தகம், முப்பது வருடத்துக் கொப்பிகள், ஒன்றும் மிஞ்சவில்லை. பாடசாலை ஒன்றில் நாங்கள் தங்கியிருந்த நாட்களில் பிள்ளைகள் இரவில் தூங்காதுகள். கண்ணை மூடினால் தண்ணீர் வரும் என்று பயம். கதை சொல்லுங்கள் டீச்சர் என்றார்கள். கையில் ஒரு தாள் கூட இல்லை. அப்போது வாய்க்கு வந்தது எதுவென்றால், நான் சத்தமாக வாசித்த கதைகள். தனியாக, மனதுக்குள் வாசித்த நாவல்கள் கலங்கலாகத்தான் வந்தன. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய ராமையாவின் கதை அடி பிசகாமல் வந்தது. தேயிலையைக் கண்ணால் காணாத கடற்கரைப் பிள்ளைகள், கொழுந்து என்றால் என்ன, கூடையை ஏன் தலையில் மாட்டுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத் தூங்கினார்கள்.

இனி அண்மையில் வாசித்தவை. ஒழுங்கில்லாமல் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"எரியும் பனிக்காடு". இது நம் நாட்டுக் கதையில்லை, தமிழ்நாட்டில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களின் கதை. தோட்டத்தில் வைத்தியராக இருந்த பி.எச். டேனியல் "ரெட் டீ" என்று ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வந்தது. இரா. முருகவேளின் தமிழாக்கம் 2007இல் வந்தது. 2013இல் பாலா எடுத்த "பரதேசி" படம் இதைத் தழுவியதுதான். கருப்பனும் வள்ளியும் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள், இறங்க முடியவில்லை. இதை ஒரே மூச்சில் வாசித்தேன் என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. பத்துப் பக்கம் வாசித்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்தில் நடக்கவேண்டும். கணக்கு எப்படிப் பொய்யாக்கப்படுகிறது, கடன் எப்படி வளர்கிறது, காய்ச்சல் லயத்துக்கு லயம் எப்படிப் போகிறது என்பதை இவ்வளவு திருத்தமாக வேறெங்கும் நான் வாசித்ததில்லை. வைத்தியர் நோயாளியைப் பார்க்கிற கண் அது. ஆனால் நோயாளி சிரிப்பதை வைத்தியர் அதிகம் காண்பதில்லை. உங்களோடு நாலு வருடம் இருந்தவள் நான். மாரியம்மன் திருவிழாவில் நீங்கள் ஆடியதையும், காமன் கூத்தில் விடிய விடிய விழித்திருந்ததையும், ஒரு துரையைப் போல இன்னொரு துரைக்கு முன்னாலேயே நடித்துக் காட்டிய பெண்ணையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சனம் இந்தப் புத்தகத்தில் குறைவு. அதற்காக வாசிக்காமல் விடாதீர்கள். மெதுவாக வாசியுங்கள்.

அந்தச் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற புத்தகத்தில் இருக்கிறது. 1983இல் வந்தது. சி.வி. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருடம் வாக்கும் போனது. 1952 தேர்தலில் அப்படி ஒருவரும் இல்லை. தனக்கு வாக்குப் போட்ட சனத்துக்கு வாக்கே இல்லாமல் போனதைப் பார்த்த மனிதர், அதற்குப் பிறகு அந்தச் சனத்தின் பாட்டைச் சேகரிக்கிறார், கதை எழுதுகிறார். "நாடற்றவர் கதை" என்று பெயர் வைக்கிறார். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாதவர்களை வேறு பதிவேட்டில் எழுதினார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

அந்தப் பாடல்களை நான் தனியாக வாசிக்கவில்லை. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்களைத் தொகுத்து "பொடுபொடுத்த மழைத்தூத்தல்" என்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு பாட்டு அதில், ஒரு பாட்டு இதில் என்று வாசித்தேன். எங்கள் பக்கத்தில் இந்தப் பாட்டைக் "கவி" என்போம். வயல் வேலைக்குப் போன மச்சானை நினைத்து மச்சி பாடுவாள். உங்கள் பக்கத்தில் கவ்வாத்து மலையில் நிற்கிற மச்சானை நினைத்துப் பாடுகிறாள். இங்கே போடியாருக்கு விழுகிற குத்து அங்கே கங்காணிக்கு விழுகிறது. ஏச்சு இரண்டிலும் ஒரே ருசி! உங்கள் வட்டத்தில் வயதானவர்கள் இருந்தால் இந்தப் பாட்டுகளை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். "அது பிழை, நாங்கள் இப்படியில்லை பாடுகிறது" என்று சண்டைக்கு வருவார்கள். அப்போது பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

தெளிவத்தை ஜோசப் 2022இல் காலமானார். அந்தச் செய்தி கேட்ட அன்று "மீன்கள்" கதையை எடுத்து வாசித்தேன், இந்த வருடம் மறுபடியும் வாசித்தேன். ஒரே காம்பராவுக்குள், வளர்ந்த பிள்ளைகளோடு, ஒரு புருசனும் பெண்சாதியும் படுகிற பாடு. மேடையில் வீட்டுரிமை பற்றி ஆயிரம் பேச்சுப் பேசலாம். வெட்கத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஜோசப் அதை எழுதினார், அதுவும் யாரையும் கேவலப்படுத்தாமல் எழுதினார். ஏழு பேர்ச்சஸ் காணி வேண்டும், தனி வீடு வேண்டும் என்று கேட்கிற உங்கள் கோரிக்கைக்கு இதைவிடப் பலமான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கதையைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்க முடியாது. பெண்கள் மட்டும் கூடியிருந்து வாசிக்கலாம். பிறகு ஆண்களுக்குக் கொடுத்துத் தனியாக வாசிக்கச் சொல்லுங்கள்.

புதுமைப்பித்தனின் "துன்பக்கேணி" 1935இல் வந்த கதை. தமிழ்நாட்டில் எல்லோரும் புகழ்வார்கள். கோபம் உண்மையான கோபம், எழுத்தும் பெரிய எழுத்து. ஆனால் அது அக்கரையில் நின்று பார்த்த கதை. கப்பலேறிப் போனவளை நினைத்து ஊர் அழுகிற குரல். ராமையாவையும் ஜோசப்பையும் வாசித்துவிட்டு அதை வாசியுங்கள், முன்னால் வாசிக்காதீர்கள். முன்னால் வாசித்தால் உங்கள் கண்ணால் பார்க்குமுன் அவர் கண்ணால் உங்களைப் பார்த்துவிடுவீர்கள்.

"எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது, இனிமேல் எங்கே எழுத்துக் கூட்டுவது" என்கிற அக்காமார் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கு கார்க்கியின் "தாய்". தொ.மு.சி. ரகுநாதன் தமிழில் தந்தது. சங்கக்காரர்கள் எல்லோரும் இதன் பெயரைச் சொல்வார்கள், பாதிப் பேர் வாசித்திருக்கமாட்டார்கள். எனக்கு அதில் மகனுடைய பேச்சுகள் நீளமாகத்தான் படுகின்றன. சில இடத்தில் கொட்டாவி வரும். அந்தத் தாயைப் பாருங்கள். அடி வாங்கி அடி வாங்கி ஒடுங்கிப்போன ஒரு மனுஷி. மகன் வாசிக்கிற புத்தகத்தில் என்னதான் இருக்கிறதென்று அறிய, ஆட்கள் இல்லாத நேரத்தில் ஒளித்து ஒளித்து எழுத்துப் படிக்கிறாள். பிறகு சாப்பாட்டுக்காரி மாதிரித் தொழிற்சாலைக்குள் போய்த் துண்டுப் பிரசுரங்களைக் கடத்துகிறாள். கதை நகர்வது அவளால்தான்.

உடலுழைப்பும் எழுத்தும் ஒரு கையில் சேராது என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன். டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் முடி திருத்தும் தொழில் செய்தவர். 1966இல் அந்தச் சலூனிலிருந்தே "மல்லிகை" என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினார். கையில் கட்டாகத் தூக்கிக்கொண்டு போய் விற்றார். இந்த நாட்டில் எழுதிய எத்தனையோ பேருடைய முதல் எழுத்து அதில்தான் வந்தது. மலையகத்து எழுத்தாளரும் எங்கள் பக்கத்து எழுத்தாளரும் அடுத்தடுத்த பக்கத்தில் சந்தித்துக்கொண்டதும் அங்கேதான்.

எங்கள் ஊருக்கு வந்துவிட்டு எங்கள் ஆட்களை வாசிக்காமல் போகக்கூடாது. எம்.ஏ. நுஃமானின் "தாத்தாமாரும் பேரர்களும்" சத்தமாக வாசிக்கவே எழுதிய மாதிரி இருக்கும். கல்முனையில் பிறந்த அவர் பிறகு உங்கள் பக்கம், பேராதனையில், தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பாலஸ்தீனக் கவிதைகளை 1981இலேயே தமிழில் தந்தவரும் அவர்தான். பெரிய நீலாவணையின் நீலாவணன் இருக்கிறார். சோலைக்கிளி இருக்கிறார். சோலைக்கிளியை வாசித்து விளங்கவில்லை என்றால் பதறவேண்டாம், எனக்கும் மூன்றாம் தரம்தான் பிடிபடும். அதுவரை அந்தப் பூனையையும் காகத்தையும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். உமா வரதராஜனின் "உள்மன யாத்திரை" சிறுகதைகள் இன்னொரு தினுசு, அமைதியான வீட்டுக்குள் புகைகிற நெருப்பு.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வெள்ளவத்தையில் ஒரு நாவல் வாங்கினால் ஒரு நாள் பேர் போய்விடும். அரைப்பேர் போட்ட நாளென்றால் அதுவும் காணாது. நான் சொன்ன பழைய புத்தகங்கள் பல கடையில் இப்போது இல்லவுமில்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நூலகம் நிறுவனத்தின் இணையத்தளம். 2005 முதல் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்துப் போடுகிறார்கள். காசில்லை. லயத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால், டவுனுக்கு வருகிற அன்று இறக்கி போனில் வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரியாத என் மாதிரி ஆட்களுக்கு, வாசிக்க ஒரு பிள்ளை இருந்தால் போதும்.

மற்ற வழி சங்கத்தின் வேலை. பொது நூலகங்கள் உள்ளூராட்சி சபைகளின் கையில் இருக்கின்றன. முன்பு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்பார்கள். தோட்டப் பாதைக்கும் கிடைக்காது, விளக்குக்கும் கிடைக்காது, நூலகத்துக்கும் கிடைக்காது. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இப்போது அந்தச் சாட்டு செல்லாது. பாதை கேட்கும்போது வாசிகசாலையையும் சேர்த்துக் கேளுங்கள். பெரிய கட்டடம் கேட்டால் அடிக்கல் நாட்டிப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு அறை, இரண்டு வாங்கு, ஒரு மின்குமிழ், மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தருகிற நூறு புத்தகம் என்று எழுத்தில் கேளுங்கள். அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

அறை வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ஞாயிறு பின்னேரம் ஒரு வீட்டு இஸ்தோப்பு போதும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கட்டும். மற்றவர்கள் கிழங்கு உரிக்கலாம், படங்கு தைக்கலாம், பேன் பார்க்கலாம். வாசிக்கிற பிள்ளைக்குச் சொல் பிழைத்தால் சிரிக்கக்கூடாது. ஒரு கதைக்கு மேல் வேண்டாம். முடிந்ததும், எழுதியவருக்கு வேலை தெரியுமா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வாயை யாராலும் அடைக்க முடியாது.

நான் பத்துப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். சங்கத்துக்கில்லை, உங்களில் இந்தப் பத்துப் பேருக்கு. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன், வாசித்தவர் பெயரையும் தோட்டத்தையும் பென்சிலால் எழுதி அடுத்தவருக்குக் கொடுங்கள். இடம் முடிந்த பிறகு எனக்கு அனுப்பினால் போதும்.

பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறதாம். ராமையாவின் புத்தகம் இதோ. முன்னுரையைப் பாய்ந்துவிடுங்கள். பின் வரிசையில் சிவப்புத் துப்பட்டா போட்டிருக்கிற தங்கச்சி, நீங்கள் வாங்க. கொஞ்சம் உரத்து வாசிக்கவேண்டும், கடல் இரைகிறது.